முதல் தட்டிலேயே

அத்தியாயம் 17

சனிக்கிழமை விடிந்ததும் கோமதிநாயகத்துக்கு முதலில் வந்த நினைப்பு, இன்றைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் தேவலை என்பதுதான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

சாலை பஜாரில் கீலும் தாழ்ப்பாளும் ஆணியும் விற்கிற கடையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவர் அவர். ஆனால் திருவனந்தபுரத்துத் தமிழர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், "கவிஞரா?" என்றுதான் கேட்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தைக்காட்டுத் தமிழ் மன்றத்தில் அவருடைய 'பாட்டுச் சரம்' நடக்கும். மழை, ரயில், கடிதம், தொட்டில் என்று ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்வார். அந்தப் பொருளில் வந்த பத்து சினிமாப் பாட்டுகளை மன்றத்துப் பாடகர்கள் பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே அவர் பேசுவார். கடைசியில் அதே பொருளில் தாம் எழுதிய ஒரு கவிதையை வாசித்து முடிப்பார். அந்தக் கவிதைக்காகவே வருகிறவர்கள் உண்டு.

போன மாதப் பொருள் கதவு.

கதவுப் பாட்டுகளை அவர் மூன்றாகப் பிரித்தார். வெளியே நின்று திறக்கச் சொல்லிப் பாடுவது ஒன்று. உள்ளே இருந்துகொண்டு, வருவாரோ மாட்டாரோ என்று ஏங்குவது இன்னொன்று. திறந்தே கிடக்கிற கதவுக்கு யாரும் வராமல் போவது மூன்றாவது. "சினிமாவில் கதவு வெறும் மரமில்லை. அது ஒரு பாத்திரம். வசனம் இல்லாமல் நடிக்கும்" என்றார். சிரித்துக் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு கவிதையை வாசித்தார்.

*ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி.*
*ஒரு கையில் பெட்டி, இடுப்பில் குழந்தை.*
*தட்டக் கை இல்லாமல்*
*நெற்றியால் தட்டினாள் என் தங்கை.*

*முதல் தட்டிலேயே திறந்தேன்.*
*ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.*
*பெட்டியை அல்ல, குழந்தையை வாங்கினேன்.*
*ஒரு கை காலியானது அவளுக்கு.*
*அதை வைத்து முகம் மூடி*
*அப்போதுதான் அழுதாள்.*

கூட்டம் அழுதது. வழக்கம்போல நிகழ்ச்சியை கேசட்டில் பதிவு செய்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்றாக நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். "அந்த நெற்றி வரி ஒண்ணு போதும் ஓய், நூறு வருஷம் நிக்கும்" என்றார் மன்றத்துச் செயலாளர் பஞ்சாபகேசன்.

வீட்டுப் பெண்கள் அன்றைக்கு வரவில்லை. கோமதிநாயகமும் அவர்களிடம் கவிதையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த கேசட் ஊர் சுற்றி, இந்த வியாழக்கிழமை வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீசுக்குள் நுழைந்தது. அங்கே டைப்பிஸ்டாக வேலை பார்க்கிறவள்தான் அவருடைய தங்கை வடிவாம்பாள். உடன் வேலை பார்க்கும் தாசம்மாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "நம்ம வடிவு அக்காவோட அண்ணனாக்கும்" என்று பெருமையாகச் சொல்லி அதைப் போட்டாள். வடிவு சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தன் கணவன் ஷார்ஜாவில் இருக்கிறான் என்று பதினோரு வருஷமாக அந்த ஆபீசில் சொல்லி வந்தவள் அவள். கோமதிநாயகத்துக்கு ஒரே ஒரு தங்கைதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பாட்டுகளும் கவிதையும் முடிந்து கேசட் நின்றபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. தாசம்மாள் மட்டும் தன் பாத்திரத்திலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை என்று வடிவு பிறகு மைனியிடம், கோமதிநாயகத்தின் மனைவி சரஸ்வதியிடம் சொல்லியிருந்தாள்.

அன்று மாலையே வடிவு தன் மகள் பிஜியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா ஷார்ஜாவில் இல்லை. குடி, அடி, ஒரு தடவை அரிவாளும். சங்கரன்கோவிலிலிருந்து நாலு வயசுப் பிள்ளையோடு கிளம்பி வந்தது. எல்லாம்.

அண்ணனிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். கோமதிநாயகத்தைப் பயமுறுத்தியது அதுதான்.

இன்றைக்கு 'பாட்டுச் சர'த்தில் அந்தக் கவிதையைத் திரும்ப வாசிக்கவேண்டும் என்று பலரும் கேட்டிருந்தார்கள். வாசிக்கப் போகிறவள் பிஜி. பஞ்சாபகேசன் இரண்டு வாரத்துக்கு முன்பே, எந்தக் கவிதை என்று சொல்லாமல் அவளிடம் கேட்டு, அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

-

முன்னறையில் பிஜி கையில் தாளோடு நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பு. பள்ளியில் படிப்பதெல்லாம் மலையாளம். தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் குரல் எடுத்தால் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள்.

"மாமா, 'தட்டக் கை இல்லாமல்' கழிஞ்சு எத்தர நேரம் நிறுத்தணும்?"

"ஒரு மூச்சு" என்றார் கோமதிநாயகம். அவள் முகத்தைப் பார்க்காமல் துண்டைத் தேடுகிறவர்போல் கொடியைப் பார்த்தார்.

"நான் இத மலையாளத்துல ஆக்கி கிளாஸ்ல வாசிச்சேன். ராகேல் இருக்காளே, அவ கண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்தா."

"எல்லாத்தையும் சொல்லிட்டியா கிளாஸ்ல?"

"சொன்னேன். இனி எதுக்கு மறைக்கணும்?" பிஜி தாளை மடித்தாள். "அம்மா அப்பா விஷயம் சொன்னப்போ எனக்கு ரொம்ப சங்கடமாயிட்டு. பின்னே நினைச்சேன், சாரமில்ல, போகட்டும்னு. எனக்கு மாமா உண்டல்லோ. முதல் தட்டிலேயே திறந்த மாமா."

அவள் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. கோமதிநாயகம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார்.

-

கிணற்றடியில் வடிவு துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆபீசுக்கு ஒன்பதரைக்குக் கிளம்பவேண்டும். சனிக்கிழமை அரை நாள்.

"வடிவு."

"சொல்லுங்க அண்ணா."

"உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம எழுதுனது தப்பு. கேக்காம சபையில வாசிச்சது அதவிடத் தப்பு. ஆபீசுல உன் தலைய நான் குனிய வச்சிட்டேன்."

இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அது. சொல்லி முடித்ததும் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

வடிவு ஒரு பாவாடையைப் பிழிந்து வாளியில் போட்டாள். "ஆபீசு விஷயம் போகட்டும். பொய் சொன்னது நான். அது என்னைக்காவது உடையவேண்டியதுதான்."

"பின்னே ஏன் பேசாம இருக்கே?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, நான் நெத்தியால கதவத் தட்டுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோமதிநாயகத்துக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்தபோது தோளில் கிடந்த துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் அத ஆருட்டயும் சொன்னதில்ல" என்றாள் வடிவு. குரலை உயர்த்தவில்லை. "மைனி ரேஷன் கடையிலேருந்து மண்ணெண்ண டின்னோட வந்தப்போ நான் படியில உக்காந்திருந்தேன். பிள்ளை மடியில உறங்கிட்டுது. மைனி கூப்பிட்டப்புறம்தான் நீங்க கதவத் திறந்தீங்க. உறங்கிப் போயிட்டேன்னு சொன்னீங்க."

"வடிவு..."

"நான் படியேறும்போது உள்ள ரேடியோல பாட்டு ஓடிக்கிட்டிருந்துது. நெத்தியால தட்டுனேன். ரெண்டாவது சரணத்துல பாட்டு டக்குனு நின்னுது. இத்தன வருஷமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கரண்டு போயிருக்கும், அண்ணன் நல்ல உறக்கத்துல இருந்திருக்கும்னு. அப்படியே நெனச்சுக்கிட்டேன். நெனச்சாத்தானே இந்த வீட்டுல இருக்க முடியும்."

கிணற்றுக் கப்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து போயிற்று.

"மைனிக்கும் தெரியும்னு நெனக்கேன். அன்னைக்குப் பாய் விரிக்கவே இல்ல. சுருட்டின பாய் மூலையிலயே நின்னுது. அவங்களும் ஒண்ணும் கேக்கல."

கோமதிநாயகம் துவைக்கிற கல்லில் கையை ஊன்றிக்கொண்டார்.

வடிவு சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். பெட்டி, பிள்ளை, வீங்கிய கண், கதவில் முட்டிய நெற்றி. எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. அடுத்த நிமிஷம் கை தானாகப் போய் ரேடியோவை நிறுத்தியது. வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. நாளைக்கு அவள் புருஷன் ஆட்களோடு வந்து தெருவில் நின்று கத்துவானே. கடை முதலாளி என்ன சொல்வார். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நாகர்கோவிலில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தார். முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து மூச்சு சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் போகவில்லை.

அப்போது கண்ணில் பட்ட அந்த நெற்றி அதற்குப் பிறகு மறையவே இல்லை. போன மாதம் கதவு என்று பொருள் எடுத்ததும் முதலில் வந்து விழுந்த வரி அதுதான். அதை எழுதியபோது சொல்ல முடியாத சுகமாக இருந்தது. அடுத்த வரியை அந்தச் சுகத்திலேயே எழுதினார். எழுதியதை நாலு தடவை வாசித்தபோது, அப்படித்தான் நடந்தது என்று அவருக்கே தோன்றிவிட்டது.

"நான்..." என்று ஆரம்பித்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம்" என்றாள் வடிவு. "பிஜிகிட்ட நான் இதச் சொல்லல. அப்பா ஒருத்தன் இல்லேன்னு வியாழக்கிழமை சொல்லிட்டு, மாமாவும் இப்படித்தான்னு வெள்ளிக்கிழமை சொல்ல எனக்கு வாய் வரல. அவ இன்னைக்கு மேடையில நின்னு அந்த வரிய வாசிக்கப் போறா. என்ன செய்யணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு கொடியடிக்குப் போனாள். அவர் அங்கேயே நின்றார்.

-

கடையில் அன்றைக்கு நல்ல வியாபாரம். ஓணத்துக்கு முன்னால் வீடு புதுக்குகிறவர்கள் கூட்டம். மூன்றங்குலக் கீல் கேட்டவருக்கு நான்கங்குலக் கீலை எடுத்துப் போட்டார். திருப்பிக் கொண்டுவந்தார்கள். மன்னிக்கச் சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

"சாயங்காலம் நானும் வாறேன் கவிஞரே" என்றார் முதலாளி. "அந்தத் தங்கச்சி கவித கேக்கணும். என் பொண்டாட்டி ரெண்டு தடவ அழுதுட்டா."

கோமதிநாயகம் தலையாட்டினார்.

தாழ்ப்பாள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே அவர் தமக்குத் தெரிந்த கதவுப் பாட்டுகளையெல்லாம் மனசில் ஓட்டிப் பார்த்தார். முப்பது, நாற்பது இருக்கும். வெளியே நிற்கிறவனுக்குப் பாட்டு இருக்கிறது. காத்திருக்கிறவளுக்கு இருக்கிறது. தட்டுவது யார் என்று பார்த்துத் தெரிந்துகொண்டு, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு பாட்டுகூட அகப்படவில்லை. யார் எழுதுவார்கள், யார் பாடுவார்கள் அதை.

மூன்று மணிக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

-

பிஜி தம்பானூரில் பஸ் இறங்கி அவருக்காகக் காத்து நின்றாள். பச்சைப் பாவாடை, தலையில் பிச்சிப்பூ. சரஸ்வதியும் வடிவும் நாலு மணிக்கு நேரே மன்றத்துக்கு வந்துவிடுவார்கள் என்றாள்.

தைக்காட்டுக்கு நடந்தார்கள். வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டியதும் கோமதிநாயகம் நின்றார்.

"பிஜி, அந்த அஞ்சாவது வரி."

"முதல் தட்டிலேயே திறந்தேன். அதானே? அங்க குரல் கொஞ்சம் ஏத்தணுமா?"

"அது நெசமில்ல மோளே."

அவள் சிரித்த முகத்தோடேயே பார்த்தாள்.

"நான் திறக்கல. ஜன்னல் வழியா உங்கள ரெண்டு பேரையும் பாத்தேன். பாத்துட்டு ரேடியோவ நிறுத்திட்டு உள்ளேயே இருந்துட்டேன். உன் அத்தை வந்தப்புறம்தான் கதவு திறந்துது. அவ வராம இருந்திருந்தா..."

ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பிஜி நடைபாதையின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"அம்மா நெத்தியால தட்டினது?"

"கண்டேன்."

"என்னையும் கண்டீங்களா?"

"கண்டேன்."

"எத்தர நேரம்?"

"முக்கா மணி நேரம்."

அவள் எதையோ நினைவுக்குக் கொண்டுவருகிறவள்போல் கண்ணைச் சுருக்கினாள். "எனக்கு அது ஓர்ம உண்டு மாமா. எனக்குத் தாகம். அம்மா பக்கத்து வீட்டு பைப்புல கை நீட்டித் தண்ணி எடுத்துத் தந்தா. அது எந்த ஊரு, எந்த வீடுன்னு தெரியாம இருந்தேன். நம்ம வீடா அது?"

கோமதிநாயகம் தலை குனிந்தார். நடைபாதையில் யாரோ மென்று துப்பிய கரும்புச் சக்கை கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ வாசிக்கவேண்டாம்" என்றார். "தொண்ட சரியில்லன்னு நான் சொல்லிடுதேன்."

"வாசிப்பேன்" என்றாள் பிஜி. "வாசிக்கேன்னு சொல்லிட்டேனே."

மன்றம் வரைக்கும் அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள்.

-

அந்த மாதப் பொருள் ஊஞ்சல். என்ன பேசினோம் என்று கேட்டால் கோமதிநாயகத்துக்கே தெரியாது. இரண்டு பாட்டுகளை இடம் மாற்றிச் சொன்னார். ஊஞ்சல் கவிதையை வேகமாக வாசித்து முடித்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எல்லோரும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

பஞ்சாபகேசன் மைக்கைப் பிடித்தார். "போன மாசம் நம்மள எல்லாம் அழ வச்ச கவிதை. அந்தக் கவிதையில இடுப்புல இருந்த குழந்தையே இப்போ வாசிக்கப் போறது. குழந்தே, வாம்மா."

சபை சலசலத்தது. மூன்றாவது வரிசையில் வடிவு மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சரஸ்வதி. பின்னால் கடை முதலாளியும் அவர் மனைவியும்.

வரியை மாற்றிவிடுவாள் என்று கோமதிநாயகம் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தது மட்டுமல்ல, உள்ளூர வேண்டிக்கொண்டார். ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

பிஜி மாற்றவில்லை. அவர் சொல்லிக் கொடுத்தபடியே வாசித்தாள். 'தட்டக் கை இல்லாமல்' என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினாள். நெற்றி வரியில் யாரோ விசும்பினார்கள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுத்து, மேடையில் நாற்காலியில் இருந்த அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"முதல் தட்டிலேயே திறந்தேன்."

குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை. அழகாக இருந்தது. கவிதையின் மிச்சத்தையும் அவரைப் பார்த்தபடியே வாசித்து முடித்துவிட்டு இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கைதட்டல் ஓயவில்லை. பஞ்சாபகேசன் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு வந்தார். கோமதிநாயகம் எழுந்து மைக்குக்குப் போனார்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். சபை அடங்கியது. "இந்தக் கவிதையில ஒரு வரி பொய். நான் கதவைத் திறக்கல. என் தங்கச்சி தட்டுறதப் பாத்துட்டு உள்ளே ஒளிஞ்சு இருந்தேன். திறந்தது நான் இல்ல."

மூன்றாவது வரிசையில் சரஸ்வதி கண்ணை மூடிக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகக் கை தட்டினார். அது பக்கத்தில் இருந்தவருக்கு, அவருக்குப் பின்னால் இருந்தவருக்கு என்று பரவிச் சபை முழுக்க எழுந்து நின்று தட்டியது.

"கேட்டேளா" என்றார் பஞ்சாபகேசன். "கதவத் திறக்காத அண்ணன்மார் எத்தனை பேர் நம்மள்ள. அவா அத்தனை பேர் பாவத்தையும் தன் தலையில போட்டுண்டு பேசறார். இதுதான் கவிஞன் மனசு."

"இல்ல, நான் சொல்றது..." என்றார் கோமதிநாயகம். பொன்னாடை தோளில் விழுந்தது. மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

-

வாசலில் ஆட்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். முதலாளியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணன்மாரும் கேக்கணும் இத" என்றாள். கூட்டம் வடிந்தபின் தூணோரத்தில் வடிவும் சரஸ்வதியும் நிற்பது தெரிந்தது.

பொன்னாடையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களிடம் போனார்.

"சொல்லிட்டேன் வடிவு."

"கேட்டேன்" என்றாள் அவள். "சொன்னது சரிதான். ஆனா அதுக்கும் கைதட்டு வாங்கிட்டீங்களே அண்ணா."

சரஸ்வதி அவள் கையைப் பிடித்தாள். "வா வடிவு, போவோம். அடுப்புல ஒண்ணும் வைக்கல." பிறகு கணவனிடம் திரும்பி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தத் துண்ட வீட்டுக்குக் கொண்டு வரவேண்டாம். மன்றத்துலயே குடுத்துட்டு வாங்க."

இருவரும் போனார்கள். பிஜி மட்டும் நின்றாள்.

"நான் மாமாகூட வாறேன்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

கோமதிநாயகம் உள்ளே போய்ப் பொன்னாடையை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். தம்பானூருக்கு நடந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் சனிக்கிழமைக் கூட்டம்.

"நீ மாத்தி வாசிப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

"மாமா எழுதினது. நான் எதுக்கு மாத்தணும்?" என்றாள் பிஜி. பிறகு, "வேற ஏதாவது உண்டா மாமா? எங்ககிட்டச் சொல்லாதது?"

அவர் பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. நான் விஸ்வசிப்பேன்."

அதற்குப் பதில் எத்தனை எளிதாக இருந்தது. இல்லை என்று ஒரு சொல். நம்புவதாக அவளே சொல்கிறாள்.

"உண்டு" என்றார்.

பிஜி காத்திருந்தாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி உன் அப்பா சாலை பஜாருக்கு, கடைக்கு வந்தான். ஆறுமுகசாமிதான். ஆள் பாதியா மெலிஞ்சு போயிருந்தான். குடிச்சிருக்கல. நெடுமங்காடு தாண்டி வித்துராவுல ஒரு ஹோட்டல்ல வேலையா இருக்கேன்னான். பிள்ளைய ஒரு தடவ தூரத்திலேருந்து காட்டினாப் போதும்னான்."

"மாமா என்ன சொன்னீங்க?"

"அவங்க இந்த ஊரிலயே இல்லன்னு சொன்னேன். ஒரு காகிதத்துல விலாசம் எழுதித் தந்துட்டுப் போனான்."

"அம்மா அறியுமா?"

"அறியாது."

பிஜி ரோட்டைப் பார்த்து நின்றாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நெடுமங்காடு வண்டி ஒன்று திரும்பி வெளியே வந்தது. அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காகிதம்?"

"கடையில இருக்கு. கிழிச்சுப் போடல."

"இத நான் அம்மாட்ட சொல்லமாட்டேன்" என்றாள் பிஜி. "மாமாதான் சொல்லணும். கவிதையா வேண்டாம், சபையிலயும் வேண்டாம். வீட்டுல, அம்மா முகத்தப் பாத்து, இன்னைக்கே. சொல்லலேன்னா திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். வித்துராவுக்குப் போவேன்."

வீட்டுக்குப் போகிற கரமனை பஸ் வந்து நின்றது. பிஜி பெண்கள் ஏறும் முன்வாசல் வழியாக ஏறினாள். கோமதிநாயகம் பின்வாசலில் தொற்றிக்கொண்டார். நடுவில் ஐம்பது பேர் நின்றார்கள். அவள் தலையில் இருந்த பிச்சிப்பூ மட்டும் எப்போதாவது தெரிந்தது.

கரமனைக்குப் பத்து நிமிஷம். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டான். இரண்டாவது தடவை கேட்டபிறகுதான் அவருக்கு வாய் வந்தது.